ஏரிக்குக் கீழே ஒரு செல்லர்: காட்பாடி பக்கத்து வீடொன்றின் ஓதம், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீடு காட்பாடி பக்கம் இருக்கிறது. ஏரிக்கரையிலிருந்து இறங்கி நடந்தால் ஏழெட்டு நிமிடம். முப்பது வருடத்துக்கு முன் அந்தப் பகுதி முழுக்க ஏரிப் பாசன நஞ்சை. பிறகு மனையாகி, தெருவாகி, இப்போது இரண்டு மூன்று மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வீட்டுக்காரர் கல்யாணப் பாத்திரமும் பந்தல் சாமானும் வாடகைக்கு விடுபவர். பிரியாணி தேக்ஷா, அண்டா, நாற்காலி, ஜமுக்காளம், சீரியல் விளக்கு என்று சாமான் ஏராளம். கிடங்குக்கு மாதாமாதம் வாடகை கட்டி மாளாது என்று, 2018இல் வீடு கட்டும்போதே தரைக்குக் கீழே ஒரு தளம் போட்டுக்கொண்டார்.

அந்தத் தளத்தை என்ன பெயரில் சொல்வது என்பதிலேயே ஒரு சிக்கல். நம் பக்கத்து மேஸ்திரியிடம் 'பேஸ்மட்டம்' என்றால், அஸ்திவாரத்துக்கு மேலே கட்டி மண் நிரப்பும் பகுதியைத்தான் நினைப்பார். வீட்டு மட்டத்துக்கு அடியில் ஓர் அறை என்பது இங்கே அவ்வளவு புதிது. அந்த வீட்டில் அதை 'செல்லர்' என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

செல்லர் 30 அடி நீளம், 20 அடி அகலம். தரை, தெரு மட்டத்துக்கு 6 அடி கீழே. தெருவுக்கு மேலே 3 அடி தெரியும். அந்த உயரத்தில் வெண்டிலேட்டர்கள். கான்கிரீட் தூண்களுக்கு நடுவே 9 அங்குலச் செங்கல் சுவர். தரை 4 அங்குல கான்கிரீட், கம்பி கிடையாது. சுவரின் வெளிப்பக்கம், மண்ணைத் தொடும் பக்கத்தில், சாதாரணப் பூச்சுகூட இல்லை. கட்டி முடித்ததும் தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி மூடிவிட்டார்கள்.

அன்றைக்கு இதில் யாருக்கும் தவறு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில்தான் இதே பழைய வேலூர் மாவட்டத்தின் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் போனது. ஏரி காய்ந்து, தரை வெடித்துக் கிடந்தது. பிள்ளைகள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். வீட்டுக்குக் கீழே தண்ணீர் வரும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சொன்னவர் ஒருவர் உண்டு, வீட்டுக்காரரின் அம்மா. அந்த நிலத்தில் நாற்று நட்டவர். பின்னால் என்னிடம் அவர் சொன்னது: "ஏரி ரொம்பினா இந்தக் கெணத்துல குனிஞ்சி கையால மொண்டுக்கலாம் தம்பி. நான் சொன்னேன், யாரு கேட்டாங்க?"

முதல் அறிகுறி

2020 நவம்பர் கடைசியில் நிவர் புயல் மழை. அடுத்த வாரம் மேற்குச் சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, ஓதம் காட்டியது. பெயிண்ட் உப்பி, தொட்டால் செதில் செதிலாக வந்தது. வெள்ளையாக உப்பும் பூத்தது. பொங்கலுக்குள் காய்ந்துவிட்டதால் மறுபடி பெயிண்ட் அடித்து மறந்துவிட்டார்கள்.

2021 நவம்பர்

அந்த நவம்பரை வேலூர்க்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம். கோட்டை அகழி பெருகி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அடுத்த மாதம் பொன்னை ஆற்று ரயில் பாலம் பழுதாகி ரயில்கள் ரத்தாயின. இந்த வீட்டுக்கு மேலே இருந்த ஏரியும் நிரம்பிக் கடைவாசல் (உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்தது.

செல்லரில் 2 அடித் தண்ணீர். தெருவெள்ளம் உள்ளே புகவில்லை. வெண்டிலேட்டர் விளிம்பு காய்ந்தே இருந்தது. தண்ணீர் கீழிருந்து ஏறியிருக்கிறது. நான் அப்போது அங்கே இல்லை, கேட்டதை எழுதுகிறேன். வீட்டுக்காரர் தெரிந்த விவசாயி ஒருவரிடம் டீசல் மோட்டார் வாங்கி வந்து ஒரே ராத்திரியில் முழுக்க இறைத்துவிட்டார். விடிந்து பார்த்தால் மறுபடி முழங்கால் அளவு. கூடவே மேற்குச் சுவரில் பாதி உயரத்தில், தூணுக்குத் தூண், கிடைமட்டமாக மயிரிழை விரிசல்.

அந்த விரிசல்தான் இந்த நிகழ்வில் மிகவும் பயப்பட வேண்டிய இடம். வெளியே ஊறிய மண்ணும் தண்ணீரும் சுவரை உள்நோக்கித் தள்ளும்போது, உள்ளே நிற்கும் தண்ணீர் எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த முட்டுக்கொடுப்பை ஒரே இரவில் உருவினால் முழுப் பாரமும் 9 அங்குலச் செங்கல் மேல் இறங்கும். நிரம்பிய செல்லரை இறைப்பதென்றால் ஒரு நாளைக்கு ஓர் அடிக்குள் இறைத்து, வெளியே மட்டம் இறங்குகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்த அடி.

நாற்பது ஜமுக்காளம் மக்கிப் போனது. ஈரமாகவே சுருட்டி வைத்ததால் கறுப்புப் புள்ளி விழுந்து, வெயிலில் போட்டும் நாற்றம் போகவில்லை.

முதல் வைத்தியம்: உள்ளே பூச்சு

2022 கோடையில் வாட்டர் புரூஃபிங் செய்பவர் ஒருவரை அழைத்தார்கள். அவர் சுவரின் உள்பக்கத்திலும் தரையிலும் சிமெண்டோடு ரசாயனம் கலந்து இரண்டு கோட்டிங் அடித்தார். வேலை சுத்தமாகவே இருந்தது. ஆனால் ஏன் தண்ணீர் வருகிறது என்று அவரும் கேட்கவில்லை, வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

டிசம்பரில் மாண்டஸ் புயல் மழை வந்தது. பத்து நாளில் சுவரில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒரு கொப்புளத்தைக் குத்தினால் தண்ணீர் பீய்ச்சியது. தரையும் சுவரும் சேரும் மூலையில் மெல்லிய கோடாகக் கசிவு. தினமும் காலையில் நான்கைந்து வாளி துடைத்து எடுத்தார்கள்.

வந்து பார்த்தவை

2023 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டார்கள். "சார், எந்தக் கம்பெனி கோட்டிங் நல்லது?" என்பதுதான் முதல் கேள்வி. எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

செல்லருக்குள் ஈரம் வர நான்கைந்து வழிகள் உண்டு: மழைநீர் சுவரோரம் தேங்கி இறங்கலாம், குழாயோ சம்ப்போ கழிவுத் தொட்டியோ கசியலாம், நிலத்தடி மட்டமே ஏறலாம், காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து வியர்க்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதலில் வியர்வையைப் பிரித்தோம். இரண்டடிச் சதுரத்தில் பாலிதீன் தாள் வெட்டி, நான்கு சுவரிலும் ஓரம் முழுக்க டேப் ஒட்டிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். வடக்குச் சுவரில் தாளின் அறைப்பக்கம் துளிகள். அது காற்றின் ஈரம். அங்கே அண்டாக்களைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தார்கள், காற்றே போகவில்லை. மேற்கிலும் தெற்கிலும் தாளுக்குப் பின்னால், சுவர்ப்பக்கம் ஈரம். அது மண்ணிலிருந்து வருவது. கிழக்கில் ஒன்றுமில்லை.

அடுத்து தென்மேற்கு மூலை. ஓதம் அங்கேதான் அதிகம், இடுப்பு உயரம் வரை. வெளியே போய்ப் பார்த்தால் அதே மூலையில், சுவரிலிருந்து மூன்றே அடியில், மழைநீர் சேகரிப்புக் குழி. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்; வீட்டுக்காரர் சட்டப்படி நல்லதைத்தான் செய்திருக்கிறார். மாடி 1200 சதுர அடி. 10 செ.மீ. மழை பெய்தால் 11,000 லிட்டருக்கு மேல் அந்தக் குழியில் இறங்கும், அதாவது செல்லர் சுவரின் முதுகில். சந்தேகத்தைத் தீர்க்க லாரித் தண்ணீர் வாங்கி 5000 லிட்டரைக் குழிக்குள் விட்டோம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்றார். நாற்பதாவது நிமிடத்தில் செங்கல் இணைப்பு ஒன்று கறுத்தது. ஒரு மணி நேரத்தில் அந்த மூலை முழுக்க மின்னியது.

குழிதான் காரணம் என்று எல்லோரும் நிம்மதியானார்கள். நானும் ஒரு நிமிடம் அப்படி நினைத்தேன். ஆனால் குழி தென்மேற்கு மூலையைத்தான் விளக்குகிறது. மேற்குச் சுவர் நீளத்துக்கும் தரை மூட்டில் கோடாக வரும் தண்ணீரை விளக்கவில்லை. மழை நின்று ஒரு மாதமாகியும் அது குறையவில்லை. மழை விட்ட சில மணி நேரத்தில் வந்து, ஓரிரு நாளில் அடங்கினால் அது மேல்தண்ணீர். தாமதமாக வந்து, வாரக்கணக்கில் நின்றால் நிலத்தடி மட்டம்.

அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக் கிணறு உதவியது. பழைய கழனிக் கிணறு, கருங்கல் கட்டு, இப்போது கம்பிவலை போட்டு மூடியிருக்கிறது. டியூப் லெவலில் (இரண்டு இடங்களின் மட்டத்தை ஒப்பிடும் நீளமான குழாய்) தண்ணீர் நிரப்பி, ஒரு முனை கிணற்று மேடையில், மறுமுனை வெண்டிலேட்டர் வழியே செல்லருக்குள். மேடைக்கும் செல்லர் தரைக்கும் வித்தியாசம் 7 அடி 2 அங்குலம். பிறகு நூலில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டோம். தண்ணீர் மேடையிலிருந்து 6 அடி 4 அங்குலத்தில். ஆக, கிணற்றுத் தண்ணீர் செல்லர் தரையைவிட 10 அங்குலம் உயரத்தில் நிற்கிறது. வீட்டுக்காரர் இரண்டு எண்களையும் சாக்பீஸால் சுவரில் எழுதி, கழித்துப் பார்த்து, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

மேலே களிமண், அதன் கீழே மணல் கலந்த சவுடு, அதற்கும் கீழே பாறை. ஏரி நிரம்பினால் தண்ணீர் கரைக்கு அடியில் ஊறிச் சவுடு வழியே வருகிறது. பாறைக்குள் இறங்க வழி குறைவு, எனவே மேலே ஏறுகிறது. வேலூருக்கு ஆடி, ஆவணியிலும் நல்ல மழை உண்டு. ஐப்பசி மழை தொடங்கும்போதே மண் பாதி குடித்திருக்கும்.

கழிவுத் தொட்டி கிழக்கில் இருந்தது, தூரம், நாற்றமும் இல்லை. அதை விட்டுவிட்டோம்.

எடுத்த முடிவுகள், ஏன்

வீட்டுக்காரருக்கு இன்னும் ஒரு முறை, இன்னும் கெட்டியாகப் பூசிவிட ஆசை. அதை மறுத்ததற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. தரையைவிட 10 அங்குலம் உயரத்தில் தண்ணீர், தரைக் கனம் 4 அங்குலம். மொத்தம் 14 அங்குலத் தண்ணீரின் அழுத்தம் தரையின் அடியில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 350 கிலோ மேல்நோக்கித் தள்ளுகிறது. 4 அங்குல கான்கிரீட்டின் எடை அதே சதுர மீட்டருக்கு 240 கிலோதான். இதுவரை தரை பிழைத்ததே கசிந்ததால்தான். கசிவை முழுக்க அடைத்திருந்தால் தரை தூக்கிக்கொண்டு வெடித்திருக்கும். 2021 அளவுக்கு ஏறினால் கேட்கவே வேண்டாம்.

தண்ணீரை வெளியே நிறுத்தவேண்டும் என்றால் கட்டும்போதே கம்பி கட்டிய கான்கிரீட்டில் தொட்டிபோல் வார்த்து, வெளிப்பக்கம் பூசியிருக்க வேண்டும். இப்போது மேற்கில் தோண்ட இடமில்லை. மூன்றடியில் அடுத்த வீட்டு மதில். எனவே உள்ளே வர விட்டு, நாம் சொல்லும் வழியில் வரச் செய்து, ஓரிடத்தில் சேர்த்து இறைப்பது என்று முடிவானது. வீட்டுக்காரர் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ வீட்டுக்குள்ளயே கால்வாய் வெட்டப் போறீங்க" என்றார். ஆமாம், அதேதான்.

விரிசல் விட்ட சுவரைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்தார். அவர் சொன்னபடி மேற்குச் சுவரின் உள்பக்கம், தூண்களுக்கு நடுவே இரண்டு புதிய கான்கிரீட் தூண்கள் முட்டாக எழுப்பப்பட்டன. அந்த விவரத்துக்குள் நான் போகவில்லை.

வேலை

கிணற்றில் தண்ணீர் 19 அடிக்கு இறங்கிய 2023 மே மாதம் தொடங்கினோம். ஈரத்தில் இந்த வேலை செய்வது வீண் பாடு.

வெளிவேலை முதலில். மழைநீர்க் குழியைத் தூர்த்து, வீட்டின் முன்பக்கம் வடகிழக்கில், சுவரிலிருந்து 30 அடி தள்ளிப் புதுக் குழி. மாடிக் குழாய்கள் எல்லாம் அங்கே திருப்பப்பட்டன. தெற்குச் சுவரோரம் இருந்த செம்பருத்திப் பாத்தியை எடுத்துவிட்டு, சுவரிலிருந்து 6 அடிக்கு, அடிக்கு அரை அங்குலம் வாட்டம் (சரிவு) கொடுத்துத் தளம் போட்டோம். செம்பருத்திக்காக வீட்டுக்காரரின் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உள்ளே மேற்கிலும் தெற்கிலும் சுவரோரம் ஓர் அடி அகலத்துக்குத் தரையை வெட்டி எடுத்தோம். தூண் இருக்கும் இடங்களில் ஒன்றரை அடி விலகிப் போனோம். தூண் அடித்தளத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. பள்ளத்தில் ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, முக்கால் அங்குல ஜல்லி ஒரு படுகை, அதன்மேல் துளையிட்ட 4 அங்குலப் பிவிசி குழாய், மேலே மறுபடி ஜல்லி, துணியை மடித்து மூடி, மேலே கான்கிரீட். துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். வேலையாள் முதல் நாள் அத்தனை குழாயையும் துளை மேலே தெரியும்படி அழகாக அடுக்கிவிட்டார். மேலிருந்துதானே தண்ணீர் விழும் என்பது அவர் நியாயம். தண்ணீர் இங்கே கீழிருந்து ஏறுகிறது என்று விளக்கித் திருப்பிப் போட்டோம். வாட்டம் 100 அடிக்கு 1 அடி.

குழாய் இரண்டும் தென்மேற்கு மூலையில் சேரும் இடத்தில் இரண்டரை அடிச் சதுரம், 3 அடி ஆழத்தில் சம்ப். அரை எச்பி சப்மெர்சிபிள் மோட்டார், தண்ணீர் ஏறினால் மோட்டாரைத் தானே போடும் ஃப்ளோட் சுவிட்ச், தண்ணீர் திரும்பாமல் இருக்க நான்-ரிட்டர்ன் வால்வு. வெளியேறும் குழாய் தெருக் கால்வாய்க்குள் போகாமல், தெரு மட்டத்துக்கு ஓர் அடி மேலே முடிகிறது. கால்வாய் நிரம்பினால் எதிர்த்து வரக் கூடாது. கொசு போகாதபடி சம்புக்கு இறுக்கமான மூடி.

சுவரில் பழைய கோட்டிங்கையும் பூச்சையும் இடுப்பு உயரம் வரை கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லை அப்படியே விட்டோம். மூன்று மாதம் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. உப்பைத் தினமும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வாரினார்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். அப்புறம் பூச்சும் வேண்டாம், பெயிண்ட்டும் வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். வடக்குச் சுவருக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், சாமானுக்கும் சுவருக்கும் அரை அடி இடைவெளி. அந்தச் சுவர் பிரச்சினை அதோடு முடிந்தது.

இவ்வளவுக்கும் ஆன செலவு, 2022இல் கோட்டிங்குக்கு ஆனதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

பிறகு நடந்தது

2023 மழைக்காலத்தைச் சோதனை என்று சொல்ல மாட்டேன். கிணற்றுத் தண்ணீர் மேடையிலிருந்து 9 அடிக்கு மேல் ஏறவில்லை. மோட்டார் ஒருமுறைகூட ஓடவில்லை. தென்மேற்கு மூலை மட்டும் முழுக்கக் காய்ந்தது. குழியை மாற்றியதன் பலன் அது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, கிணற்றுத் தண்ணீர் 5 அடி 10 அங்குலத்துக்கு ஏறியது. அதாவது செல்லர் தரைக்கு மேலே 16 அங்குலம். தரை காய்ந்திருந்தது. மோட்டார் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு, மூன்று நான்கு நிமிடம் ஓடி நின்றது. ஜமுக்காளம் கீழ்த்தட்டிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் இரவு மின்சாரம் நான்கு மணி நேரம் இல்லை. ஃப்ளோட் மட்டத்துக்கு மேல் சம்ப்பில் பிடிப்பது சுமார் 350 லிட்டர். நாற்பது நிமிடத்தில் அது நிறைந்து, மீதி நேரமெல்லாம் தரையில் பரவியது. காலையில் அளந்தபோது ஒன்றேகால் அங்குலம். வேலை நடக்கும்போதே தனி இன்வெர்ட்டர் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். "வீட்டு இன்வெர்ட்டரே இருக்கே சார்" என்றார். வீட்டு இன்வெர்ட்டர் மோட்டார் கிளம்பும் இழுப்பைத் தாங்காமல் டிரிப் ஆகும் என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. அது என் தவறு. அந்த வாரமே மோட்டாருக்கென்று தனி இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வாங்கினார். மெயினை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம், ஓடியது.

இன்னொரு பரிசோதனையும் தொடர்கிறது. இறைக்கும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு நாள் அசையாமல் வைத்துப் பார்க்கிறோம். அடியில் மண் படிந்தால் வடிகால் வழியே அஸ்திவாரத்தைச் சுற்றியுள்ள மண் கரைந்து வருகிறது என்று பொருள். முதல் நாள் பாட்டிலில் ஒரு நூல் கனத்துக்கு வண்டல் இருந்தது. வாரக் கடைசியில் தெளிந்துவிட்டது. ஜன்னலில் தேதி எழுதிய ஆறு பாட்டில்கள் இன்னும் வரிசையாக இருக்கின்றன.

மாற்றிச் செய்வதாக இருந்தால்

இந்த மனையில் செல்லரே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதே பணத்தில் மொட்டை மாடியில் ஷெட் போட்டிருக்கலாம், தேக்ஷாவை ஏற்றி இறக்கும் பாடு இருந்தாலும். கட்டியே தீர வேண்டும் என்றால், பக்கத்துக் கிணற்றில் ஒரு கார்த்திகை மாதமாவது நூல் விட்டுப் பார்த்த பிறகுதான் ஆழத்தை முடிவு செய்திருக்க வேண்டும். அந்த ஊரில் நாற்று நட்டவர் ஒருவரைக் கேட்பது அதைவிடச் சுலபம்.

நாங்கள் செய்ததிலும் குறை உண்டு. ஒரே மோட்டாரை நம்பியிருக்கிறோம். சம்ப்பில் கொஞ்சம் மேலே இரண்டாவது ஃப்ளோட்டோடு இன்னொரு மோட்டார் இருக்க வேண்டும். தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டால் ஒலிக்க ஒரு மணியும் வேண்டும். இரண்டும் இன்னும் வைக்கப்படவில்லை. 2021 போல ஏரி வழிந்து தெருவும் மூழ்கினால், இறைத்த தண்ணீர் போக இடம் இருக்காது. அப்போது சாமானை மேலே ஏற்றிவிட்டுச் செல்லரைத் தண்ணீருக்கு விட்டுவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்காகவே ஜமுக்காளத்தை இப்போது சக்கரம் வைத்த தட்டுகளில் அடுக்குகிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றைத் தூர்த்து அங்கே கார் நிறுத்த இடம் போடப் போவதாகச் சொல்லியிருந்தார். தூர்த்துவிட்டால் தண்ணீர் மட்டம் பார்க்க வேறு வழியில்லை. வீட்டுக்காரர் போய்ப் பேசினார். வலையைத் தன் செலவில் புதிதாக மாற்றிக் கொடுத்தார். இப்போதைக்குக் கிணறு இருக்கிறது. மாதம் ஒருமுறை நம் வீட்டுக்காரரின் மகள் நூலில் கல்லைக் கட்டி விட்டு, எண்ணை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறாள்.